வரைகலைத் தரவு நிரப்பல் மேக்ரோக்கள்

எட்டு பிட் கணினிகளுக்கும் பழைய வீடியோ கேம் கருவிகளுக்கும் அசெம்பிளி மொழியில் நிரல் எழுதுபவர்கள், படத்துக்குரிய பைட்டுகள் சரியான முகவரியில் அமர வேண்டும் என்பதற்காக இடையே வெற்றுப் பைட்டுகளைச் சேர்ப்பார்கள். இது நிரப்பல் அல்லது பேடிங் எனப்படும். எத்தனை பைட் தேவை என்பதை அசெம்பிளரே கணக்கிட்டு நிரப்பும்படி எழுதி வைக்கும் சிறு நிரல்துண்டுகள் நிரப்பல் மேக்ரோக்கள். நிரல் தொகுக்கப்படும்போதே மேக்ரோ விரிந்துவிடுகிறது; விளையாட்டு ஓடும்போது அதற்காக நேரம் செலவாவதில்லை. செலவாவது நினைவக இடம் மட்டுமே. அந்த இடத்தை எங்கே கொடுக்கலாம், எங்கே கொடுக்காமல் தப்பலாம் என்று அறிவதில்தான் இந்த நுட்பத்தின் திறமை இருக்கிறது.

கொமடோர் 64

1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியில் விக்-2 என்ற வரைகலைச் சில்லு 8 ஸ்ப்ரைட்டுகளை, அதாவது தனியே நகர்த்தக்கூடிய சிறு படங்களை, தானே திரையில் வரையும். ஒரு ஸ்ப்ரைட் 24 புள்ளி அகலமும் 21 வரி உயரமும் உடையது. வரிக்கு 3 பைட் வீதம் 63 பைட். ஆனால் படம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதைச் சில்லுக்குச் சொல்ல ஸ்ப்ரைட்டுக்கு ஒரு பைட்தான் உண்டு. அதிலுள்ள எண்ணை 64ஆல் பெருக்கியே சில்லு முகவரியை அறிகிறது. 256 எண்கள், ஒவ்வொன்றுக்கும் 64 பைட் என்றால் 16,384 பைட். விக்-2 ஒரு நேரத்தில் பார்க்கக்கூடிய நினைவகமும் சரியாக அவ்வளவே. எனவே ஒவ்வொரு ஸ்ப்ரைட்டின் முடிவிலும் ஒரு பைட் காலியாக விடப்பட வேண்டும்.

அதை விடாமல் படங்களை 63 பைட்டுகளாக அடுத்தடுத்து அடுக்கினால் நேர்வது கவனிக்கத்தக்கது. முதல் படம் சரியாக வரும். இரண்டாவது படம் ஒரு பைட் தள்ளிப் படிக்கப்படுவதால் 8 புள்ளி இடப்பக்கம் நகர்ந்து, ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் அடுத்த வரியின் தொடக்கம் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது படம் 16 புள்ளி நகரும். நான்காவது படமோ ஏறக்குறைய சரியாகவே தெரியும். அங்கே பிழை 3 பைட்டாகி, முழுதாக ஒரு வரி ஆகிவிடுவதால் தலைப்பக்க வரி மட்டும் காணாமல் போயிருக்கும். பிழையைத் தேடுபவரைத் திசைதிருப்புவது இந்த நான்காவது படம்தான்.

இதற்கான மேக்ரோவை இரண்டு விதமாக எழுதலாம். தரவின் முடிவில் ஒரு பூஜ்யத்தைச் சேர்ப்பது ஒன்று. தரவு தொடங்கும் முன் முகவரியை 64இன் மடங்குக்குத் தள்ளுவது மற்றொன்று. இரண்டாவதே மேல். ஒரு படத்தில் ஒரு வரி தட்டச்சில் விட்டுப்போனாலும் அந்தப் படம் மட்டும் கெடும். பின்னால் வருபவை தம் இடத்திலேயே இருக்கும். அசெம்பிளருக்கு அசெம்பிளர் கட்டளை மாறுபடுவதையும் நினைவில் வைக்க வேண்டும். கிக் அசெம்பிளரில் 64 என்று எழுதுவதை அக்மி என்ற அசெம்பிளரில் 63, 0 என்று எழுத வேண்டும். அக்மி எதிர்பார்ப்பது மடங்கை அல்ல, முகவரியின் கீழ் பிட்டுகளைப் பிரித்தெடுக்கும் முகமூடியையும் அதன் விடையையும்.

இந்த 64ஆவது பைட் எப்போதும் வீணாவதில்லை. ஸ்ப்ரைட்பேட் என்ற வரைவுச் செயலி, படத்தின் நிறத்தையும் அது பலவண்ணப் படமா என்பதையும் அதில் எழுதி வைக்கிறது. வன்பொருளை வடிவமைத்தவர்களும் இப்படிச் செய்திருக்கிறார்கள்: 40 × 25 எழுத்துத் திரைக்கு 1,000 பைட் போதும், ஒதுக்கப்பட்டதோ 1,024. மிஞ்சிய 24 பைட்டில் கடைசி எட்டே, படங்கள் இருக்கும் இடத்தைச் சில்லுக்குச் சொல்லும் அந்த ஸ்ப்ரைட் சுட்டிகள். வழக்கமான அமைப்பில் 2040 முதல் 2047 வரையுள்ள முகவரிகள்.

அட்டாரி 2600

1977இல் வந்த அட்டாரி 2600இல் சிக்கல் வேறு. அங்கே முழுத் திரையின் படத்தை வைக்க நினைவகமே கிடையாது. ரேம் 128 பைட் மட்டும். மின்கற்றை திரையில் ஒவ்வொரு வரியாக ஓடும்போதே 6507 செயலி அந்த வரிக்குரிய பைட்டை ரோமிலிருந்து எடுத்து டியா என்ற வரைகலைச் சில்லிடம் கொடுக்க வேண்டும். ஒரு வரிக்குச் செயலிக்குக் கிடைப்பது 76 சுழற்சிகள். ஒரு சுழற்சிக்குள் மின்கற்றை 3 புள்ளிகளைக் கடந்துவிடும்.

இந்தச் செயலி நினைவகத்தை 256 பைட் கொண்ட பக்கங்களாகப் பார்க்கிறது. அட்டவணையிலிருந்து ஒரு பைட்டை வரிசை எண் கொண்டு படிக்க 4 சுழற்சி ஆகும். படிக்கும் முகவரி அடுத்த பக்கத்துக்குள் விழுந்தால் 5. உதாரணமாக, 20 வரிப் படம் ஒன்று பக்கத்தின் 240ஆவது பைட்டில் தொடங்குகிறது என்று கொள்வோம். 0 முதல் 15 வரையுள்ள வரிகள் அதே பக்கத்தில் அடங்கும். 16 முதல் 19 வரையுள்ள நான்கும் எல்லை தாண்டும். எண்ணிக்கையைக் கீழ்நோக்கி ஓட்டினால் சுழற்சி மிச்சம் என்பதால் 2600 படங்களைத் தலைகீழாகச் சேமிப்பதே வழக்கம். ஆகவே தாமதமாவது படத்தின் உச்சியிலுள்ள நான்கு வரிகள். நேரம் இறுக்கமான இடமானால் அந்த நான்கு வரிகள் மட்டும் சிதைந்து தெரியும். வரியின் மொத்தக் கணக்கு 76ஐத் தாண்டினால் ஒரு முழு வரியே தவறிப்போகும். நிரலில் வேறெங்கோ ஒரு கட்டளை சேர்த்ததால் அட்டவணை நகர்ந்து இந்தக் கோளாறு முளைப்பது உண்டு.

அட்டவணையை அடுத்த பக்கத்தின் தொடக்கத்துக்குத் தள்ளும் கட்டளை 2600க்குப் பயன்படும் டாஸ்ம் அசெம்பிளரிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. 4,096 பைட் கார்ட்ரிட்ஜில் மொத்தமே 16 பக்கங்கள். ஒரு கட்டளை 255 பைட் வரை விழுங்கிவிடலாம். இங்கேதான் மேக்ரோ உண்மையில் பயன்படுகிறது. மீதமுள்ள இடத்தில் அட்டவணை அடங்குமா என்று பார்த்து, அடங்காவிட்டால் மட்டும் அது நிரப்பும். அட்டவணையின் நீளத்தை மேக்ரோவுக்கு எண்ணாகக் கொடுப்பது பாதுகாப்பானது. முடிவு முகவரியிலிருந்து தொடக்கத்தைக் கழிக்கச் சொன்னால், பின்னால் வரும் முகவரி முதல் சுற்றில் அசெம்பிளருக்குத் தெரியாது.

டாஸ்முடன் 2600க்காக வழங்கப்படும் பொது மேக்ரோ கோப்பிலேயே பவுண்டரி என்ற மேக்ரோ உண்டு. பக்கத்துக்குள் எந்த இடம் வேண்டும் என்று சொன்னால், அந்த இடம் வரும்வரை பூஜ்யங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகும். வைத்த ஒவ்வொன்றையும் காலி இடக் கணக்கில் கூட்டும். இந்தக் கணக்குதான் அதன் சிறப்பு. வீணானது எவ்வளவு என்று தெரிந்தால், அந்தத் துளைகளில் சிறு அட்டவணைகளைச் செருகி இடத்தை மீட்கலாம்.

படத்துக்கு மேலும் கீழும் பூஜ்யம்

2600இல் படத்தின் பகுதியாகவே நிற்கும் நிரப்பலும் உண்டு. ஸ்ப்ரைட்டுக்கு உயரம் என்ற கருத்தே டியா சில்லுக்குத் தெரியாது. இந்த வரியில் படம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியிலும் சோதிக்க நேரம் இல்லாதபோது, படத்துக்கு மேலும் கீழும் பூஜ்ய வரிகளை அடுக்கிவிட்டுச் சோதனை இல்லாமல் படித்துக்கொண்டே போகலாம். 192 வரித் திரைக்கு இப்படிச் செய்தால் ஒரு பக்கத்தில் அடங்காது. இரண்டு வரிக்கு ஒரு பைட் என்று வைத்தால் மேலே 96, கீழே 96. பக்கத்தில் 64 பைட் படத்துக்கு இடம் மிஞ்சும். உயரத்தைக் கொடுத்தால் இரு பக்கமும் பூஜ்யம் வைத்துத் தரும் மேக்ரோ ஒன்று எல்லாப் படங்களுக்கும் போதும்.

நிரப்பும் மதிப்பையும் யோசித்தே தேர வேண்டும். படமாகப் படிக்கப்படக்கூடிய இடத்தில் பூஜ்யமே தகும். வேறு எண் இருந்தால் திரையில் புள்ளிகளாகத் தெரியும். யாரும் படிக்காத இடைவெளியில் 255 வைக்கலாம். அழிக்கப்பட்ட ஈப்ராம் சில்லின் இயல்பு நிலையும் அதுவே.

நின்டெண்டோவின் என்இஎஸ் கருவியில் நிரப்பல் இதைவிட எளிது. அங்கே ஓடு எனப்படும் சிறு படத்துண்டு ஒன்றுக்கு 16 பைட். 512 ஓடுகள் சேர்ந்த 8,192 பைட் ஒரு படத் தொகுதி. படங்கள் குறைவாக இருந்தாலும் கோப்பு அந்த அளவுக்கு நிரப்பப்பட வேண்டும். அங்கே ஒரே ஒரு நிரப்பல் கட்டளை போதும்.

நிரப்பிய பின் சரிபார்ப்பதும் மேக்ரோவின் வேலைதான். தொடக்க முகவரியின் மேல் பைட்டும் கடைசி பைட்டின் முகவரியில் உள்ள மேல் பைட்டும் வேறுபட்டால் தொகுப்பை நிறுத்திப் பிழை காட்டும் நான்கைந்து வரி மேக்ரோவை ஒவ்வொரு அட்டவணையின் கீழும் போட வேண்டும். நிரப்பல் இல்லாமல்கூட ஒரு விளையாட்டை எழுதி முடிக்கலாம்; 2600க்கு இந்தச் சோதனை இல்லாமல் எழுதுவது நல்லதல்ல.