வறுவலின் பக்குவமும் நம் காப்பியின் வரலாறும்

நம் சங்கத்தார் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் அரசியலில் ஒத்த கருத்து ஏற்படுவதுண்டு, இசையிலும் ஏற்படுவதுண்டு. காப்பியில் மட்டும் ஏற்பட்டதாக நாம் கண்டதில்லை. சென்ற ஆண்டு விழாவின்போது இவ்வுண்மை நன்கு விளங்கிற்று. மாதுங்காவில் வழக்கமாக வாங்கும் பொடியை விடுத்து, மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து இளவறுவலாக வறுத்த கொட்டையை நம் இளைஞர்கள் ஆர்வத்தோடு தருவித்திருந்தனர். அதில் பால் கலந்து பரிமாறிய அளவில், “புளிக்கிறது, கொட்டையை வறுக்கவே இல்லை” என்றனர் முதியோர். “நீங்கள் இத்தனை காலம் குடித்தது கரியின் சாறு” என்றனர் இளையோர். இரண்டு பெரிய அண்டாக் காப்பி வீணாயிற்று. காப்பி வீணானதைவிட, அன்று மாலை இரு சாராரும் தனித்தனியே அமர்ந்திருந்ததுதான் நம் மனத்தை வருத்தியது.

எது நம் காப்பி? கருக வறுத்ததா, இளமையாக வறுத்ததா? இவ்வினாவிற்கு நாக்கு ஒன்றே விடை சொல்லிவிடாது. வரலாற்றையும் ஒரு சாட்சியாக அழைத்தல் வேண்டும்.

மலை ஏறிய விதை

காப்பிச்செடி நம் நாட்டுச் செடியன்று. அதன் தாயகம் ஆப்பிரிக்காவின் எத்தியோப்பிய மலைக்காடு. 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபி அடியார்கள் இரவு வழிபாட்டில் உறக்கம் அணுகாதிருக்க அதனைப் பருகினர். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்னும் அடியார் மக்கா சென்று திரும்புகையில் ஏமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. அம்மலைக்கு அவர் பெயரே இன்றும் வழங்குகிறது.

ஆயினும் அது பெருந்தோட்டப் பயிரானது ஆங்கிலேயர் காலத்தில்தான். சேலத்துக் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் ஏர்க்காட்டு மலையில் காப்பியைப் பயிரிட்டார். அதன்பின் மைசூர், குடகு, நீலகிரி, வயநாடு ஆகிய மலைகளெங்கும் தோட்டங்கள் பரவின. கடல் கடந்த இலங்கையிலும் கண்டி மலைகள் காப்பிக் காடாயின. அத்தோட்டங்களுக்கு உழைக்கச் சென்றோர் பெரும்பாலும் தமிழகத்து ஏழை மக்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலை ஏறுகையில் காலராவுக்கும் பசிக்கும் இரையானோர் பலர். பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நாம், நமக்கு முன்னே அவ்வாறு ஊர் விட்டுச் சென்ற அவர்களை, காப்பியைப் பற்றிப் பேசும்போதேனும் நினைத்தல் கடமையாகும்.

காப்பியின் வரலாற்றில் 1869 ஒரு திருப்பு முனை. இலங்கையில் இலைத்துரு நோய் தோன்றியது அவ்வாண்டில். இருபது ஆண்டுகளுக்குள் அங்குக் காப்பித்தொழில் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. நம் நாட்டு மலைகளிலும் அந்நோய் பரவிற்று. நோயைத் தாங்கும் ரொபஸ்டா என்னும் இனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்தது. சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் 1869-இல்தான். அதற்கு முன் நம் மேற்குக் கரையிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பல மாதம் கப்பலில் சென்ற கொட்டை, கடற்காற்றின் ஈரத்தால் ஊதி, வெளிர்மஞ்சள் நிறம் பெற்று, புளிப்பு நீங்கி ஐரோப்பாவை அடைந்தது. கால்வாய் வழியே விரைந்து சென்ற கொட்டையில் அச்சுவை இல்லை எனச் சுவைஞர் குறை கூறினர். ஆகவே மங்களூர் முதலிய இடங்களில் பருவமழைக் காற்று புகும்படி கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி வேண்டுமென்றே ஊறவைக்கலாயினர். ‘மான்சூன்டு மலபார்’ என்று இன்றும் புகழ்பெற்ற காப்பி இவ்வாறு பிறந்ததே. விபத்தாக வந்த சுவையும் பழகிவிட்டால் மரபாகிவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நெருப்பு செய்வது யாது?

பச்சைக்கொட்டைக்குக் காப்பியின் மணம் சிறிதும் இல்லை. அது புல்லும் பயறும் போன்ற வாடையுடையது. மணம் முழுவதும் நெருப்பின் கொடை. கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு நீர் உண்டு. முதலில் அந்நீர் ஆவியாகிறது. பின்னர்க் கொட்டை மஞ்சளித்துச் சிவக்கிறது. சர்க்கரைப் பொருள்களும் புரதக் கூறுகளும் வெப்பத்தில் கூடி மணத்தையும் நிறத்தையும் தருகின்றன. 1912-இல் இதனை ஆராய்ந்து கூறிய பிரெஞ்சு அறிஞர் மெயிலார்டின் பெயரால் இவ்வினை வழங்குகிறது. தோசை சிவப்பதும் இவ்வினையாலேயே.

ஏறத்தாழ 200 பாகை செல்சியஸை நெருங்குகையில் கொட்டை சோளப்பொரி போல வெடிக்கும். இது முதல் வெடிப்பு. இதனை அடுத்து இறக்கினால் இளவறுவல். இன்னும் சிறிது பொறுத்தால் நடுவறுவல். 225 பாகையளவில் மெல்லிய ஒலியோடு இரண்டாம் வெடிப்பு நிகழும். அப்போது எண்ணெய் மேலே கசிந்து கொட்டை பளபளக்கும். அதுவே கருவறுவல். அதற்கு மேல் நிறுத்தினால் கரிதான்.

இளவறுவலில் புளிப்பும் பழமணமும் மேலோங்கி நிற்கும். கொட்டை விளைந்த மலையின் இயல்பு நாவிற்குத் தெரியும். வறுவல் ஏற ஏறக் கொட்டையிலுள்ள அமிலங்கள் சிதையும். புளிப்பு தணிந்து, வெல்லப்பாகின் இனிமையும் பருப்பு வறுத்த மணமும் தோன்றும். கருவறுவலில் கசப்பும் புகையும் மிகும். எந்த மலைக் கொட்டையாயினும் ஏறக்குறைய ஒரே சுவை கொள்ளும். சுருங்கக் கூறின், இளவறுவலில் நிலம் பேசும். கருவறுவலில் நெருப்பு பேசும்.

கருவறுவலில் ஊக்கப்பொருளான காஃபீன் மிகுதி என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். அது பொருந்தாது. வறுப்பதால் காஃபீன் பெரிதும் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ரொபஸ்டாவில் அராபிகாவைப்போல ஏறத்தாழ இருமடங்கு காஃபீன் உண்டு. வேறுபாடு இனத்தால் வருவதேயன்றி வறுவலால் வருவதன்று. எடையோ வறுவல் ஏற ஏறக் குறையும். இளவறுவலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைந்தால் கருவறுவலில் இருபது பங்குவரை குறைவதுண்டு. கொட்டையும் உப்பி இலேசாகும். ஆதலின் கரண்டியால் அளப்போர் கருவறுவற் பொடியைச் சற்றுக் கூட்டியே இடவேண்டும்.

கருமை வந்த வழி

நம்மவர் கருமை சார்ந்த வறுவலை விரும்பியது ஏன்? முதற்காரணம் பால். தமிழகத்தில் நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பற்றியபோது, அது பாலும் சர்க்கரையும் சேர்ந்த பானமாகவே வீடுகளில் புகுந்தது. இளவறுவலின் புளிப்பு பாலோடு இசையாது. பாலைக் கடந்து நாவில் நிற்கக் கசப்பும் திண்மையும் வேண்டும். இரண்டாவது, நம் பில்டர். மேலறையில் நுண்பொடியை அழுத்தி வெந்நீர் வார்த்து, சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும் டிகாக்ஷனுக்கு, சாற்றை எளிதில் விடும் வறுவலே ஏற்றது. மூன்றாவது, விலை. மலிவான கொட்டையின் குறைகளையும் ரொபஸ்டாவின் முரட்டுத்தன்மையையும் கருவறுவல் மறைத்துவிடும்.

சிக்கரியின் கதையும் இத்தகையதே. அது ஒரு கிழங்கு வேர். 1806-இல் நெப்போலியன் ஆங்கில வாணிகத்தைத் தடுத்தபோது, காப்பி கிடைக்காத ஐரோப்பியர் அவ்வேரை வறுத்துப் பெருமளவில் பயன்படுத்தினர். பின்னர் அது நம்மிடமும் வந்தது. இப்போது குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அதில் காஃபீன் இல்லை. ஆனால் நீரில் காப்பியைவிட மிகுதியாகக் கரையும். டிகாக்ஷனுக்கு நிறமும் கொழுப்பும் தரும். கலவையில் காப்பி 51 பங்கிற்குக் குறையலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். கலந்த அளவைப் பொட்டலத்தின்மேல் அச்சிடவும் வேண்டும். ‘டிகிரி காப்பி’ என்னும் பெயர் சிக்கரி என்பதன் திரிபு என்பார் சிலர். பாலை அளக்கும் கருவியின் பாகையால் வந்தது என்பார் வேறு சிலர். எவ்வாறாயினும், தொன்மையான மரபென்று நாம் போற்றும் சுவை, பஞ்சமும் விலையும் பாலும் கூடிச் சில தலைமுறைக்குள் அமைத்த சுவையே ஆகும்.

இம்மரபில் பெருமைப்படத் தகாத பக்கமும் உண்டு. தமிழகத்துக் காப்பி ஓட்டல்கள் பலவற்றில் சாதி பார்த்து இடம் பிரித்திருந்தனர். போராட்டங்களுக்குப் பின்னரே அவ்வழக்கம் மறைந்தது. இதற்கு மாறாக, எவரும் ஒரே மேசையில் அமரும் இடமாக வேறொரு காப்பிச்சாலை எழுந்தது. 1936-இல் காப்பி வரிக் குழுவினர் நம் மும்பையின் சர்ச்கேட்டில் இந்தியா காப்பி ஹவுஸின் முதற் கிளையைத் திறந்தனர். 1950களின் நடுவில் காப்பி வாரியம் அச்சாலைகளை மூட முற்பட்டபோது, ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே நடத்தலாயினர். 1957-இல் பெங்களூரிலும் தில்லியிலும் அச்சங்கங்கள் தோன்றின.

நல்ல கொட்டை நமக்குக் கிட்டாமைக்கும் ஒரு காரணம் இருந்தது. 1940 முதல் விளைச்சலெல்லாம் பொதுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, வாரியத்தின் வழியே விற்கப்பட்டது. இன்ன தோட்டத்துக் கொட்டை என்று கேட்டு வாங்க வழியில்லை. 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்த இம்முறை 1996-இல் முற்றும் நீங்கிற்று. அதன்பின்பே தோட்டத்தின் பெயரோடு கொட்டை விற்கும் வழக்கம் ஓங்கியது. இளவறுவலுக்கும் பொருள் ஏற்பட்டது. ஆகவே இளைஞர்கள் புதுமை மோகத்தால் மட்டும் இளவறுவலை நாடுகிறார்கள் என்று கூறுதல் நேரிதன்று. நம் தந்தையருக்குக் கிட்டாத வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியிருக்கிறது.

எதைக் கொள்வது?

பாலின்றிப் பருகுவோர் இளவறுவலையோ நடுவறுவலையோ கொள்க, சிக்கரி வேண்டா. பில்டரில் இறக்கிப் பால் சேர்ப்போர் நடுவறுவலுக்குச் சற்று மேற்பட்டதைக் கொள்க. பத்து இருபது பங்கு சிக்கரி குற்றமன்று. எண்ணெய் வழியும் கருவறுவலை மிகுதியாக வாங்கி வைத்தல் கூடாது. மேலே வந்த எண்ணெய் காற்றுப்பட்டு விரைவில் காறும். எவ்வறுவலாயினும் கொட்டையாக வாங்கி அவ்வப்போது அரைத்தலே நன்று. ஊரிலிருந்து வந்த அதே பொடி இங்கு வேறு சுவை தருவதற்குத் தண்ணீரும் காரணம். கடினநீர் புளிப்பை மழுக்கும். மும்பைக் குழாயில் வருவதோ ஏரிகளில் தேங்கிய மழைநீர். அதில் புளிப்பு நன்கு தெரியும். ஊரில் பழகிய சுவை வேண்டுவோர் இங்கு வறுவலை ஒரு படி ஏற்றிக் கேட்பது தக்கது.

சென்ற ஆண்டுப் பூசலின்போது வாய் திறவாது அமர்ந்திருந்தார் நம் சங்கத்து முதியவர் ஒருவர். நாம் வற்புறுத்திக் கேட்டபின் கூறினார்: “எங்க அம்மா குடகுத் தோட்டத்திலே கொட்டை பறிச்சவங்க. லைன் வீட்டிலே பால் ஏது, பில்டர் ஏது? கீழே உதிர்ந்த கொட்டையைச் சட்டியிலே கருக வறுத்து, இடிச்சு, வெல்லம் போட்டுக் கொதிக்க வைப்பாங்க. எனக்கு அதுதான் காப்பி. இங்கே யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லே.”

இதனைக் கேட்டபின் இரு சாராரும் சிறிது நேரம் பேசவில்லை. நம் காப்பி எது என்று வழக்காடிய நாம், அக்கொட்டையைப் பறித்த கையின் காப்பியைக் கணக்கில் கொள்ளவே இல்லை.

எனவே இவ்வாண்டு விழாவில் மூன்று பாத்திரங்கள் வைப்பதென்று முடிவாகியிருக்கிறது. ஒன்றில் பாலும் சிறிது சிக்கரியும் சேர்ந்த பில்டர் காப்பி. ஒன்றில் பாலில்லாத இளவறுவல். மூன்றாவதில், அம்முதியவர் தம் கையாலேயே காய்ச்சும் வெல்லக் காப்பி. அன்பர்கள் மூன்றையும் ஒரு வாயேனும் பருகிய பின்னரே தத்தம் கட்சியைக் கூறுமாறு வேண்டுகிறோம்.