கல்லே இல்லாத ஊரில் ஒரு கல் பாக்கி

பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி எட்டாம் வகுப்பு. "பாட்டி, மூணு வகைப் பாறையிலயும் ஒவ்வொரு துண்டு கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. இங்க கிடைக்குமா?" என்று கேட்டாள். தரங்கம்பாடியில் வந்து பாறை கேட்கிறாளே என்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் பழைய நினைவு ஒன்று வந்து தொண்டையில் நின்றது.

1994 அரையாண்டுத் தேர்வு. சமூக அறிவியல் தாளில் "கருங்கல் எவ்வகைப் பாறை?" என்று ஒரு மார்க் கேள்வி கேட்டிருந்தேன். ஜன்னலோர பெஞ்சில் உட்காரும் பையன் ஒருவன், "உருமாறிய பாறை. கோடு கோடாக இருக்கும்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டு "தீப்பாறை" என்று மேலே எழுதினேன். தாளைக் கொடுத்தபோது எழுந்து நின்றான். "டீச்சர், எங்க மாமா புதுக்கோட்டை பக்கம் கல் உடைக்கிறாரு. நான் போயி பாத்தேன். கருங்கல்லுல வெள்ளையும் கறுப்புமா கோடு ஓடுது டீச்சர். உருகி ஆறுனதுன்னா கோடு ஏன் வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. "புத்தகத்துல இருக்கறத எழுது, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

இனி ஊர்க் கதைக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் குழந்தைகள் பாறையைப் பார்க்காமலேயே வளர்வார்கள். மாயவரத்திலிருந்து கடற்கரை வரை வண்டல், களிமண், மணல், தண்ணீர். மண்வெட்டி போட்டால் 'ணங்' என்று சத்தம் வராத பூமி. என் சிறுவயதில் வீட்டில் இருந்த பாறை என்றால் அம்மியும் ஆட்டுக்கல்லும்தான். தேய்ந்து போனால், "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்து வருபவர்கள் உளியால் பொளிந்து கொடுப்பார்கள். அதைவிட்டால் மாயவரம் ரயில் பாதையில் கிடந்த ஜல்லி. அந்த ரயில் 1986 வரை நம் ஊருக்கு வந்தது. பாதையில் பொறுக்கிய ஜல்லியில் நெருப்புப் பொறி வருகிறதா என்று உரசிப் பார்த்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் குறைந்தது பத்துப் பேராவது இருப்பீர்கள்.

ஆக, நம் ஊரில் இருக்கும் ஒவ்வொரு கருங்கல்லும் வெளியூர்க் கல். சோழ நாட்டுக் கோயில்கள் முதலில் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவியார் அவற்றில் பலவற்றைக் கல்லாக மாற்றினார். கோனேரிராஜபுரமும் ஆடுதுறையும் நமக்குப் பக்கத்து உதாரணங்கள். கல்லால் ஆன தளி என்பதால் கற்றளி. மலைநாட்டில் கல்லில் கோயில் கட்டுவது ஒன்றும் அதிசயமில்லை. வயல்காட்டில் கட்டுவதென்றால் ஒவ்வொரு கல்லையும் எந்திரமில்லாத காலத்தில் மாடும் மனிதனும் இழுத்து வந்தாக வேண்டும். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து அதன் உயரத்தையே எல்லாரும் சொல்கிறோம். 200 அடிக்கு மேல் என்பது உண்மைதான். என்னை அசரவைப்பது அதுவல்ல, பக்கத்தில் மலையே இல்லை என்பதுதான். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைதான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நம் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1305-ஐ ஒட்டியது. அங்குள்ள கல்வெட்டு நம் ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எங்கிருந்தோ வந்த கல், கடலுக்குள் போய்விட்டது.

டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரில் அவர்கள் கட்டியவை பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. களிமண் ஆற்றுப் படிவு. அதைச் சூளையில் வேகவைத்தால் தன்மை மாறி, திரும்பவும் களிமண்ணாகாத ஒன்றாகிவிடுகிறது. படிவு, வெப்பத்தால் உருமாறுகிறது. வகுப்பில் உருமாறிய பாறை நடத்தும்போது கையில் ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

பாறைப் படிவுகளைப் படிக்கும் வழியைச் சொன்னவரும் ஒரு டேனிஷ்காரர்தான். நீல்ஸ் ஸ்டென்சன், லத்தீனில் ஸ்டெனோ. 1638-இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். நம் ஊருக்குக் கப்பல் புறப்பட்டு வந்த அதே ஊர். டான்ஸ்போர்க்குக்கு அப்போது வயது பதினெட்டு. பாறைக்குள் கிடைத்த 'நாக்குக் கல்'லை ஆராய்ந்து, அது சுறாவின் பல்தான் என்று காட்டினார். கடல் மீனின் பல் மலைக்குள் எப்படிப் போகும்? அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்தால்தான் போகும். 1669-இல் இத்தாலியில் வெளியிட்ட நூலில், அடுக்கடுக்காகப் படிந்த பாறைகளில் அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்று எழுதினார். தோசை அடுக்கில் முதலில் சுட்டது அடியில் இருப்பதுபோல. இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் பூமிக்கு வரலாறு உண்டு, அதைப் படிக்கவும் முடியும் என்ற எண்ணமே அதிலிருந்துதான் வலுப்பெற்றது.

அந்தச் சுறாப் பல்லைப் பார்க்க இத்தாலி போக வேண்டாம். அரியலூர் பக்கம் காரைக்குப் போனால் போதும். டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட், சிப்பி, சுறாப் பல் எல்லாம் கிடைக்கும். 1840-களிலிருந்தே வெள்ளைக்காரர்கள் வந்து பொறுக்கிப் போய் ஆராய்ந்திருக்கிறார்கள். சில வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான், ஆனால் அது நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருவது. அரியலூர் சிமெண்ட் ஆலைகள் அரைப்பது அந்தப் பழைய கடல் தந்த சுண்ணாம்புப் பாறையைத்தான். உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடல் இருக்கலாம்.

அந்தப் பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான கல்மரம் கிடக்கிறது. அதை 1940-இல் உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர். பிறந்தது எங்கே தெரியுமா? பாறையே கண்ணில் படாத நம் தஞ்சாவூர் ஜில்லாவில்.

நான் திருத்திக்கொள்ள வேண்டிய இன்னொன்று இங்கே இருக்கிறது. "நம்ம ஊர்ல பாறையே கிடையாது" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லியிருக்கிறேன். தவறு. அரியலூரில் தரைக்கு மேல் தெரியும் அந்தப் பழைய கடல் படிவுகளின் தொடர்ச்சி, கிழக்கே இறங்கி நம் காலடியில் ஆழத்தில் கிடக்கிறது. இந்தியா மற்ற தென்கண்டங்களிலிருந்து பிரிந்தபோது நிலம் விரிந்து உண்டான பள்ளம் அது. கோடிக்கணக்கான ஆண்டுகள் சேறும் மணலும் விழுந்து விழுந்து, சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் கனத்துவிட்டது. நரிமணத்தில் எண்ணெய் எடுப்பது அந்தப் படிவுகளுக்குள்ளிருந்துதான். காவிரிப் படுகையைப் புவியியலாளர்கள் பல உட்பள்ளங்களாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றின் பெயர் டிராங்குபார். நம் ஊர் பெயர்தான்! பாறை இல்லாத ஊர் என்றேன், பாறைப் படுகைக்கே நம் ஊர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன். கோடு ஏன் வருகிறது?

பூமிக்குள் உருகிய குழம்பு மெதுவாக ஆறினால் கல்கண்டு விளைவதுபோலப் பெரிய மணிகள் விளையும். அது கிரானைட். மணிகள் எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கும், கோடு இருக்காது. அது தீப்பாறை, புத்தகம் சொல்வது சரி. ஆனால் அதே பாறை பல கிலோமீட்டர் ஆழத்தில், உருகிவிடாமல், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் நெடுங்காலம் கிடந்தால் உள்ளே இருக்கும் தாதுக்கள் இடம் மாறி, வெளுப்பு ஒரு பக்கமும் கறுப்பு ஒரு பக்கமுமாக அடுக்கிக்கொள்கின்றன. அதற்கு நைஸ் என்று பெயர். உருமாறிய பாறை. பையன் பார்த்த கோடு அதுதான்.

குழப்பம் எங்கே என்றால், 'கருங்கல்' என்பது புவியியல் பெயரே அல்ல. கடினமாக, கறுப்பாக, கட்டடத்துக்கு ஆகிற கல் எல்லாமே கொத்தனாருக்குக் கருங்கல்தான். அதில் கிரானைட்டும் உண்டு, நைஸும் உண்டு, சார்னோகைட்டும் உண்டு.

சார்னோகைட்டின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. கல்கத்தாவில் கம்பெனிக் குடியேற்றத்தைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-இல் அதை ஆராய்ந்து, பரங்கிமலை, பல்லாவரம் பாறையும் இதுவும் ஒன்றே என்று கண்டு, கல்லறைக்குள் இருப்பவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். உலகத்தில் எங்கே இந்த வகைப் பாறை இருந்தாலும் இன்று அதற்குச் சார்னோகைட் என்றுதான் பெயர். பல்லாவரம் என்று வைத்திருக்கலாம், வைக்கவில்லை. இதைத் தீப்பாறை என்று முதலில் நினைத்தார்கள். பிறகு நெடுநாள் வாதம் நடந்தது. நம் தென்னாட்டுச் சார்னோகைட்டில் பெரும்பகுதியை, 20 கிலோமீட்டருக்கும் கீழே 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருமாறியதாகவே இன்று கருதுகிறார்கள். பெரிய அறிஞர்களே அத்தனை வருஷம் வாதாடிய விஷயத்தில், நான் சிவப்பு மையை எடுக்க ஐந்து விநாடிகூட யோசிக்கவில்லை.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளைச் சுற்றி நடந்தோம். சுனாமிக்குப் பிறகு அந்தப் பாறைகளைப் பார்த்தாலே மனம் கனத்துவிடும், கிட்டப் போக மாட்டேன். 2004 டிசம்பர் 26-ஐப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அன்று போனவர்களில் என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு பாறையைக் கைவைத்துப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாகக் கோடு ஓடியது.

பேத்தி மணலில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினாள். அலை அலசிவிட்டுப் போன கனமான மணல். உற்றுப் பார்த்தால் நடுவில் செம்மணிபோல மின்னும் துகள்கள். அது கார்னெட். பெரும்பாலும் உருமாறிய பாறைகளில் விளைவது. மேற்கே மலைகளிலும் கொங்கு நாட்டிலும் பாறை சிதைந்து, காவிரியோடு வந்து, கடல் புரட்டி நம் கரையில் போட்டிருக்கிறது. அந்தப் பாறைகளின் இன்னொரு தாதுவான பெல்ஸ்பார் தண்ணீரில் ஊறிச் சிதைந்தால் களிமண். நம் வயலின் களிமண்ணில் அதுவும் கலந்திருக்கிறது. ஆக நாம் சாப்பிடும் சோறே பழைய பாறையில் விளைந்ததுதான். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் அந்த மண்ணில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆறு கொடுப்பது குறைந்தால் கடல் எடுப்பது கூடும். அதைத் தடுக்க இன்னொரு ஊரின் குன்றை உடைத்து நம் கரையில் கொட்டுகிறோம். அந்தக் குன்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இனி நாம் எந்தப் பாறையைக் காட்டுவது?

பேத்தியின் பையில் இப்போது மூன்று துண்டு இருக்கிறது. கோடு போட்ட சில்லு ஒன்று கடற்கரையிலிருந்து. அரியலூர் சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு சிப்பிப் பாறைத் துண்டு வந்தது. கோடில்லாத கிரானைட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவரிடம் மேடைக்கல்லில் மிஞ்சிய துண்டு ஒன்று கேட்டு வாங்கினேன்.

அந்தப் பையன் பெயரை இங்கே எழுதவில்லை, அவனுக்குச் சங்கடமாகக் கூடாது. 94-இல் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. தாத்தாவின் சைக்கிளை ஓட்டிக்கொண்டு பொறையாரிலிருந்து வருவான். உங்களில் அந்த வகுப்புக்காரர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவன் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அன்று ஐம்பதுக்கு 37 போட்டேன். 38 என்று திருத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும்.