மெல்பர்ன் கோப்பை

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், ஃபிளெமிங்டன் ஓடுகளத்தில் ஆண்டுதோறும் நவம்பர் முதல் செவ்வாயன்று நடக்கும் குதிரைப் பந்தயம். தொரோபிரெட் இனக் குதிரைகள் 3,200 மீட்டர் ஓடுகின்றன. 24 குதிரைகளுக்கு மேல் இடமில்லை. இது 'ஹேண்டிகேப்' வகை: வல்ல குதிரைக்குச் சுமையைக் கூட்டி, சுமாரான குதிரைக்கும் ஜெயிக்க வழிவிடுவார்கள். விதித்த எடைக்கு ஜாக்கியும் சேணமும் சேர்ந்தும் போதாவிட்டால் ஈயத் தகடுகளைச் செருகி ஈடுகட்டுவார்கள். கோப்பையின் கதைகளில் பாதி இந்தச் சுமையிலிருந்து பிறந்தவைதான்.

முதல் பந்தயம் 1861 நவம்பர் 7 அன்று நடந்தது. ஓடிய 17 குதிரைகளில் இரண்டு விழுந்து மாண்டன. வென்றது நியூ சவுத் வேல்ஸின் ஆர்ச்சர். பயிற்சியாளர் எட்டியேன் டி மெஸ்ட்ரே. அங்குள்ள நௌராவிலிருந்து மெல்பர்ன்வரை ஆர்ச்சர் நடந்தே வந்ததாகச் சொல்வது அழகான கட்டுக்கதை. வந்தது நீராவிக் கப்பலில். மறு ஆண்டு 64 கிலோ சுமந்தும் ஆர்ச்சரே வென்றது. 1863இல் அதற்கு ஏறத்தாழ 72 கிலோ விதித்தார்கள். ஆனாலும் ஓடச் சம்மதித்து டி மெஸ்ட்ரே அனுப்பிய தந்தி, மெல்பர்னில் விடுமுறை நாளானதால், கெடு தாண்டிப் போய்ச் சேர்ந்தது. அனுமதி மறுக்கப்பட்டது. கோபத்தில் மற்ற உரிமையாளர்கள் பலரும் விலகிக்கொள்ள, ஏழே குதிரைகள் ஓடின.

1875 முதல் செவ்வாய்க்கிழமை வழக்கமானது; இரண்டாம் உலகப் போரின்போது சில ஆண்டுகள் சனிக்கிழமைக்கு மாறியது. பந்தய நாள் இன்று மெல்பர்னில் அரசு விடுமுறை. 1890இல் கார்பைன் 39 குதிரைகளுக்கிடையே 65.8 கிலோ சுமந்து வென்றது. அதைவிட அதிக எடையோடு இதுவரை எந்தக் குதிரையும் வென்றதில்லை.

ஃபார் லாப் என்ற குதிரையின் கதை வேறு. 1930 பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு காரில் வந்தவர்கள் அதைச் சுட்டார்கள், குறி தப்பியது. செவ்வாயன்று அது எளிதாக வென்றது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து நின்ற மக்களுக்கு அது வெறும் பந்தயக் குதிரையாக இருக்கவில்லை. அடுத்த ஆண்டு 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. 1932இல் கலிஃபோர்னியாவில் இறந்தது. அதன் இதயம் கான்பெராவிலும், தோல் மெல்பர்னிலும், எலும்புக்கூடு அது பிறந்த நியூசிலாந்திலும் காட்சிக்கு இருக்கின்றன. குதிரைக்கு இப்படியொரு பங்கீடு!

பயிற்சியாளர்களில் பார்ட் கம்மிங்ஸ் 1965 முதல் 2008 வரை 12 முறை கோப்பையை வென்றார். 1993இல் அயர்லாந்தின் வின்டேஜ் கிராப் வென்றபின் வெளிநாட்டுக் குதிரைகளின் வரத்து பெருகியது. மக்கைபி திவா என்ற பெண்குதிரை 2003, 2004, 2005 என மூன்று முறை வென்றது. வேறெந்தக் குதிரைக்கும் அது வாய்க்கவில்லை. 2015இல், ஒன்றுக்கு நூறு என்ற பந்தய விகிதத்தில் யாரும் பொருட்படுத்தாத பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸை ஓட்டி மிஷெல் பெய்ன், கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கியானார். அந்தக் குதிரை சுமந்தது 53 கிலோ.

2013க்கும் 2020க்கும் இடையே பல குதிரைகள் இந்தப் பந்தயத்தில் காயமுற்று இறந்ததால் கண்டனம் வலுத்தது. 2020இல் இறந்த ஆந்தனி வான் டைக் என்ற குதிரை அந்த ஆண்டின் அதிகபட்ச எடையைச் சுமந்திருந்தது. 2021 முதல் வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே களமிறக்குகிறார்கள்.