வெயிலின்றி வந்த வெயில்நிறம்

ஐரோப்பிய உயர்குடியினர் வெளிறிய தோலையே நெடுங்காலம் மேன்மையாகக் கருதினர் என்பதை நாம் அறிவோம். வெயிலில் கருப்பது உழவர் தோல் என்பதே அதன் உட்பொருள். 16ஆம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் நஞ்சான ஈய வெள்ளையைக்கூட முகத்தில் பூசினர். தொழிற்சாலைகள் பெருகி உழைப்பவர் கூரைக்கடியில் புகுந்தபின் மதிப்பு தலைகீழாயிற்று. 1920களில் பழுப்புத் தோல், கடற்கரையில் ஓய்வெடுக்க வசதியுள்ளோரின் அடையாளமாயிற்று. பனிக்கால வெளிறல் குறையாகிவிட்டது.

வெயிலின்றி அந்நிறம் பெறும் வழி தற்செயலாகவே கிட்டியது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கன்ஸ்டைன், கிளைக்கோஜன் சேமிப்பு நோயுற்ற குழந்தைகளுக்கு டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்னும் எளிய சர்க்கரையைப் பருகக் கொடுத்தார். அது சிந்திய இடத்தில் தோல் பழுத்தது. துணியில் கறை இல்லை. தம் தோலிலும் தடவிப் பார்த்து அதனை உறுதிசெய்தார். 1960இல் அப்பொருள் கொண்ட பூச்சு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

தோலின் மேற்புறத்து இறந்த செல்களிலுள்ள அமினோ அமிலங்களோடு இச்சர்க்கரை வினைபுரிகிறது. ரொட்டியின் மேலோடு சிவப்பதும் இத்தகைய வினையே. செல்கள் உதிர, சில நாள்களில் நிறமும் நீங்கும். பனியில் வறண்ட முழங்கையும் முழங்காலும் மிகுதியாக நிறமேற்றுத் திட்டுத்திட்டாகும். ஆகவே முன்னதாக மென்மையாகத் தேய்த்துக் கழுவி, அவ்விடங்களில் ஈரப்பதக் களிம்பு இடுதல் நன்று. கண், உதடு, மூக்கினுள் படலாகாது. தெளிப்பாயின் மூச்சில் இழுக்கலாகாது.

புற ஊதா விளக்குப் படுக்கைகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. அவற்றை நோக்க, பூச்சு நல்லதே. ஆனால் இயற்கை தந்த கருமை ஓரளவேனும் வெயிலைத் தடுக்கும். இப்பழுப்போ வெயிலைத் தாங்கும் கவசமன்று. அதை நம்பி வெயிலில் நிற்போர் வெளிறிய தோலுடனேயே நிற்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.