முற்போக்குத் தொழிலாளர் கட்சி (பெர்முடா)

வட அட்லாண்டிக்கில் உள்ள பிரித்தானிய ஆட்சிப்பகுதியான பெர்முடாவின் முதல் அரசியல் கட்சி இது. 1963 பிப்ரவரியில் தோன்றியது. தீவுக்கூட்டத்தின் பரப்பு 53 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதன் சட்டமன்றம் 1620-இலேயே கூடத் தொடங்கிவிட்டது. மன்றத்துக்கு இவ்வளவு வயதாகியும் வாக்குரிமை நிலத்தைவிட்டு நகரவில்லை. குறிப்பிட்ட மதிப்புள்ள நிலம் உள்ளவருக்கே வாக்கு; பல வட்டாரங்களில் நிலம் இருந்தால் அத்தனை வட்டாரங்களிலும் வாக்கு. மக்களில் பெரும்பாலோரான கறுப்பினத்தவர் இதனால் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

1959-இல் திரையரங்குகளில் இன அடிப்படையில் இருக்கை பிரிக்கப்பட்டதை எதிர்த்து நடந்த புறக்கணிப்பு வென்றது. அடுத்து ரூசவெல்ட் பிரவுன் முன்னின்ற வாக்குரிமை இயக்கம் எழுந்தது. 1963-இல் 25 வயது நிறைந்த அனைவருக்கும் வாக்கு கிடைத்தது. கூடவே நிலம் உள்ளவருக்கு ஒரு வாக்கு கூடுதல்! கொடுத்ததைப் பாதி திரும்ப வாங்கிக்கொண்ட இந்த ஏற்பாட்டின் கீழ்தான் கட்சி தன் முதல் தேர்தலைச் சந்தித்தது. ஒன்பது பேர் நின்று ஆறு பேர் வென்றார்கள். 1964-இல் என்றி டக்கர் தலைமையில் ஐக்கிய பெர்முடா கட்சி எதிரணியாக உருவானது. கூடுதல் வாக்கு 1966-இல் ஒழிந்தது; வாக்களிக்கும் வயதும் 21 ஆயிற்று.

இருந்தும், புதிய அரசியலமைப்பின்படி நடந்த 1968 தேர்தலில் 40 இடங்களில் பத்துதான் கிடைத்தன. கட்சித் தலைவர் வால்டர் ராபின்சன் தோற்றதால், பெர்முடாவின் முதல் பெண் வழக்கறிஞரான லோயிஸ் பிரவுன்-எவன்ஸ் எதிர்க்கட்சித் தலைவரானார். பிறகு அவர் கட்சித் தலைமையிலும் நெடுங்காலம் இருந்தார். 1977 டிசம்பரில் இருவர் தூக்கிலிடப்பட்டபோது தீவில் கலவரம் வெடித்தது. அந்த இருவரில் ஒருவருக்காக வாதாடியவர் இவரே.

1980-இல் 18 இடம் பிடித்து ஆட்சியை நெருங்கிய கட்சி, உட்பூசலில் உடைந்து 1985-இல் ஏழு இடங்களுக்கு இறங்கியது. அதைத் தூக்கி நிறுத்தியவர் பிரடெரிக் வேட். 1993-இல் எண்ணிக்கை மீண்டும் 18-ஐத் தொட்டது.

கட்சியின் வரலாற்றில் விசித்திரமான கட்டம் 1995. விடுதலை அதன் பழைய கோரிக்கை. ஆனால் விடுதலைக்கான வாக்கெடுப்பை நடத்தியவர் எதிரணிப் பிரதமர் ஜான் சுவான். பொதுத்தேர்தலில்தான் இதைத் தீர்க்க வேண்டும் என்று சொல்லி, கட்சி வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் விடுதலை வேண்டாம் என்றனர். சுவான் பதவி விலகினார். கொள்கையைவிடப் போட்டி பெரிதாகிவிட்டது என்ற ஐயம் இங்கே எழாமல் இராது.

வேட் 1996-இல் காலமானார். அவருக்குப்பின் வந்த ஜெனிபர் சுமித், 1998 நவம்பர் 9 அன்று 40-க்கு 26 இடங்களை வென்று கட்சியை முதன்முறையாக அரியணை ஏற்றினார். எதிர்க்கட்சி வரிசையில் கழிந்தவை 35 ஆண்டுகள். 2003-இலும் அவர் வென்றார். ஆனால் சொந்தக் கட்சியினரே போர்க்கொடி உயர்த்த, சில நாள்களில் அலெக்ஸ் ஸ்காட் பிரதமரானார். பின்னர் யூவர்ட் பிரவுன், பவுலா காக்ஸ் ஆண்டனர். 2012-இல் ஒரே பெர்முடா கூட்டணியிடம் 17-19 என்று ஆட்சி பறிபோனது. காக்ஸ் தம் தொகுதியையும் இழந்தார்.

டேவிட் பர்ட் தலைமையில் 2017-இல் 36 இடங்களில் 24-உம், 2020-இல் 30-உம், 2025 பிப்ரவரியில் 25-உம் கிடைத்தன. 1995-க்குப் பிறகு விடுதலை குறித்து எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை.