கொடையும் உரிமையும்

கோவையில் கல்வி பயின்ற இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே ஒதுங்கியிருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் (1939) எழுதியுள்ளார். அண்ணல் அம்பேத்கருக்கோ வேறொரு கதவு திறந்தது. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், மாதம் 11½ பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்து, அவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். ஆயினும் அக்கொடைக்குக் கால வரையறை உண்டு. அது முடிந்தமையால் 1917இல் இலண்டன் படிப்பை இடையில் விட்டு அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. கோல்ஹாப்பூர் சாகு மகாராசர் உதவி, நண்பர் தந்த கடன், தம் சொந்தச் சேமிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே 1920இல் அவரை மீண்டும் கப்பலேற்றின.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இவ்விருவருமே ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக நின்று வழக்குரைத்தனர். கல்விக்கு ஈந்த பொருள் ஒரு சமுதாயத்தின் குரலாயிற்று.

மன்னர் மனமிரங்கினால் மட்டுமே கிட்டிய அவ்வாய்ப்பு, 1954-55 முதல் நடுவணரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டமாக நிலைபெற்றது. ஆயினும், விண்ணப்பத்திற்கு வழிகாட்டுவாரின்றி நம் கொங்கு நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். கற்று உயர்ந்த நாம் அவர்களை உள்ளே அழைத்துச் செல்வோமாக!