சீருடைக்குப் பிறகு ஒரு பட்டம் - படைவீரர்களின் தொலைநிலைக் கல்வி கடந்து வந்த பாதை

ப்ளஸ் டூ முடித்த கையோடு ராணுவத்துக்குப் போகிறவர் 18, 19 வயதில் உள்ளே நுழைகிறார். சிப்பாயாகச் சேர்ந்தவர் பென்ஷனோடு வெளியே வரும்போது வயது பெரும்பாலும் 35-க்கும் 40-க்கும் இடையில்தான் இருக்கும். அவருடன் பள்ளியில் படித்தவர்கள் அப்போதுதான் உத்தியோகத்தில் மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள். இவரோ "ரிட்டயர்ட்"! இப்படி இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 60 ஆயிரம் பேர் முப்படைகளிலிருந்தும் வெளியே வருகிறார்கள்.

தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்து ஊர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வங்கி வாசலிலும் தொழிற்சாலை கேட்டிலும் செக்யூரிட்டி உடையில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் முன்னாள் படைவீரர்கள். ரேடார் இயக்கியவர், லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டியவர், முப்பது பேரை வழிநடத்திய ஹவில்தார் என்று அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. குறைவது ஒரு காகிதம். அந்தக் காகிதத்தின் பெயர் டிகிரி.

இந்தக் குறையைத் தீர்க்க உலகமும் இந்தியாவும் என்னென்ன செய்தன என்று பார்ப்போம்.

முத்துநகர் சொல்லும் பாடம்

திறமை இருந்தும் சான்றிதழ் இல்லாமல் போவது எப்படி என்று தூத்துக்குடிக்கு நன்றாகவே தெரியும். இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955-ல் தொடங்கி 1961-ல் முடிந்தது. அதன்பின் பழைய முறையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடலடியில் மூச்சடக்கி, சிப்பி இருக்கும் பாரைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த அறிவை எந்தக் கல்லூரியும் ஒரு பாடமாக எண்ணவில்லை. பலர் சங்கு குளிப்பில் தொடர்ந்தார்கள். 1973-ல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அது ஆய்வகத்தின் சாதனை. குளியாளியின் அறிவுக்கோ மதிப்பெண் போட ஆள் இல்லை.

படைவீரரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கற்றது நிறைய, கணக்கில் வந்தது குறைவு.

அமெரிக்கா தொடங்கியது

இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1942-ல், அமெரிக்கா தன் வீரர்களுக்காக விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஓர் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் திறந்தது. பிறகு அதற்கு "ஐக்கிய அமெரிக்க ஆயுதப்படைகள் கல்வி நிறுவனம்" என்று பெயர் வந்தது. போர்முனையில் இருந்த வீரருக்குப் பாடம் தபாலில் போகும், விடைத்தாள் தபாலில் திரும்பும். 1974 வரை இது நடந்தது.

அடுத்தது, 1944 ஜூன் 22-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட "ஜி.ஐ. பில்" என்ற சட்டம். போர் முடிந்து திரும்பும் வீரருக்குக் கல்விக் கட்டணத்தையும் படிக்கும் காலத்துச் செலவுக்கான பணத்தையும் அரசே கொடுத்தது. இதன்மூலம் சுமார் 78 லட்சம் பேர் ஏதாவதொரு கல்வியோ பயிற்சியோ பெற்றார்கள். அதில் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்கே போனார்கள்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. ராணுவத்தில் ஒருவர் பெற்ற பயிற்சி, கல்லூரிப் பாடத்தில் எத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் மதிப்பிட ஆரம்பித்தது. அந்த வேலை இன்றும் நடக்கிறது. வீரர் கல்லூரிக்கு வரும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பது இதன் பொருள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆன்லைன் கல்வி வளர்ந்த பிறகு, வீரர்களின் ஜி.ஐ. பில் பணத்தைக் குறிவைத்தே சில லாப நோக்கக் கல்லூரிகள் ஆள் பிடித்தன. மாணவர் உதவிக்காக அரசு தரும் பணம் ஒரு கல்லூரியின் வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது. ஆனால் வீரர்களுக்கான பணம் அந்தக் கணக்கில் சேராது! இந்த ஓட்டையை 2021-ல்தான் சட்டம் போட்டு அடைத்தார்கள். பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

இந்தியாவில் நடந்தது என்ன?

ராணுவத்துக்குள் கல்வி இங்கே புதிதல்ல. ராணுவக் கல்விப் படைப்பிரிவின் வரலாறு 1921-ல் தொடங்குகிறது. அதன் பயிற்சிக் கல்லூரி மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் இருக்கிறது. மொழியும் வரைபடம் படிப்பதும் சிப்பாய்க்கு அங்கேயே சொல்லிக் கொடுக்கப்பட்டன. ஆனால் அதற்குக் கிடைத்த சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவியதே தவிர, பல்கலைக்கழகத்தின் கதவைத் திறக்கவில்லை.

1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தெற்கே மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் தூத்துக்குடிக் கல்லூரிகளும் மதுரையின் கீழ்தான் இருந்தன. 1985-ல் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. வேலையில் இருப்பவர் படிக்கலாம் என்ற கதவு திறந்தது. ஆனால் லடாக்கில் இருக்கும் வீரருக்கு மதுரையில் தேர்வு எழுத லீவு கிடைக்குமா? அடுத்த ஆண்டு அசாமுக்கு மாற்றினால் தேர்வு மையத்துக்கு எங்கே போவது? இதைச் சமாளிக்க இக்னோ, படைகளுக்கென்றே தனி மண்டல மையங்களை ஏற்படுத்தியது. கடற்படைக்கு கொச்சி, மும்பை, விசாகப்பட்டினம் போன்ற தளங்களில் இவை அமைந்தன.

1986-ல் மத்திய அரசு வேறொரு வழியை எடுத்தது. பத்தாம் வகுப்போ, அதற்கு இணையான ராணுவக் கல்விச் சான்றிதழோ பெற்று, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியவர், பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதியைத் திருத்தியது. நல்ல சலுகைதான். ஆனால் இது பட்டம் அல்ல. இதை வைத்து எம்.ஏ. சேர முடியாது, ஐ.ஏ.எஸ். தேர்வும் எழுத முடியாது. குமாஸ்தா வேலைக்கான கதவு மட்டும் திறந்தது.

2009-ல்தான் அமெரிக்கா செய்ததைப் போன்ற முயற்சி இங்கே நடந்தது. ராணுவமும் இக்னோவும் "ஞான்தீப்" என்ற பெயரில் ஒப்பந்தம் செய்துகொண்டன. ராணுவப் பயிற்சி மையங்களே சமுதாயக் கல்லூரிகளாக ஏற்கப்பட்டன. வீரர் வேலைக்காகப் பெற்ற பயிற்சி கிரெடிட்டாக மாறியது. அதில் கிடைத்த "அசோசியேட் டிகிரி" என்ற பெயர் இந்தியாவில் பழக்கமில்லாதது. ஆனாலும் சீருடையில் கற்றதும் கல்விதான் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

இணையம் எட்டாத இடம்

2017-ல் மத்திய அரசின் "ஸ்வயம்" தளம் வந்தது. 2020-ல் பல்கலைக்கழக மானியக் குழு புதிய விதிகளை வகுத்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்கு இணை என்று அந்த விதி சொல்கிறது. இனி செல்போன் போதும், பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றலாம்.

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. 1990-ல் தொடங்கப்பட்ட இது, நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது. அதனால் மிகக் குறைந்த அதிர்வெண் அலைகளை அனுப்புகிறார்கள். அவையும் சில பத்து மீட்டர் ஆழம்தான் போகும். சின்னச் சின்னச் செய்தி போகுமே தவிர வீடியோ பாடம் போகாது. கப்பலிலிருந்து அதே வழியில் பதிலும் வராது. ரோந்தில் இருக்கும் மாலுமியிடம் "ஞாயிறு இரவுக்குள் அசைன்மெண்ட் அனுப்பு" என்றால் அவர் என்ன செய்வார்? அவருக்கு அச்சிட்ட புத்தகமும், கெடு நீட்டிப்பும், இன்னொரு நாளில் தேர்வு எழுத வாய்ப்பும் வேண்டும். 1942-ல் தபாலில் பாடம் அனுப்பியவர்களுக்கு இது புரிந்திருந்தது.

அக்னிவீரர்களின் கணக்கு

2022-ல் அக்னிபாத் திட்டம் வந்ததும் இந்தப் பழைய கேள்வி அவசரமானது. நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு, பென்ஷன் இல்லாமல் வெளியே வர வேண்டும். இவர்களுக்காக இக்னோ மூன்றாண்டுப் பட்டப்படிப்பை அறிவித்தது. பாதி கிரெடிட் படைப் பயிற்சியிலிருந்து, மீதி பாதி இக்னோ பாடங்களிலிருந்து. முதல் ஆண்டோடு நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாம் ஆண்டோடு நிறுத்தினால் டிப்ளமோ.

ஞான்தீப்பின் யோசனை இங்கே முழுப் பட்டமாக வளர்ந்திருக்கிறது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணிக்கு நான்கு ஆண்டு நிறைவது 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும். அதுதான் இந்தத் திட்டத்துக்கான உண்மையான தேர்வு. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பாதிப் பட்டத்தைப் பயிற்சியில் சம்பாதித்த ஒருவர் தூத்துக்குடிக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் எம்.ஏ. விண்ணப்பம் கொடுத்தால், தயக்கமில்லாமல் வாங்கிக்கொள்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். வாங்கிக்கொண்டால் எண்பது ஆண்டு முயற்சி இங்கே பலன் தந்தது என்று சொல்லலாம். இல்லையென்றால் 1986-ன் சலுகையைப் போல இதுவும் பாதிக் கதவுதான்.